ஊருக்கு ஒரு திடல்!

நெய்வேலிக்குப் போயிருக்கிறீர்களா? நூல் பிடித்தாற்போன்ற சாலைகளையும், வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய வீடுகளையும் பார்த்து நிச்சயம் வியந்திருப்பீர்கள். 1956-ல் பழுப்பு நிலக்கரிக் கார்ப்பரேஷன் பிறந்தது. மறு வருஷம் மே மாதம் நேருஜி சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். தொழிலாளிக்கு வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று திட்டம் போட்டவர்கள், பிள்ளைகள் விளையாடவும் இடம் ஒதுக்கினார்கள். நகரியத்துப் பையன் பந்தை எடுத்தால் போதும். திடல் தயாராக இருக்கிறது.

நகரியத்தின் எல்லையைத் தாண்டி ஏதாவது ஒரு கிராமத்துக்குள் நுழையுங்கள். அங்கேயும் கிரிக்கெட் உண்டு. அறுவடை முடிந்த வயலிலோ, தண்ணீர் வற்றிய ஏரியிலோ மூன்று குச்சிகளை நட்டு, டென்னிஸ் பந்தில் ஆடுவார்கள். மழை பெய்து உழவு தொடங்கினால் ஆட்டம் முடிந்தது! மட்டையையும் பந்தையும் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கிவிடலாம். திடலை எந்தக் கடையில் வாங்குவது?

கிரிக்கெட் என்றால் லண்டன் துரைமார்களின் ஆட்டம் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அதை வளர்த்ததே ஒரு கிராமத்துக் கிளப். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹாம்பிள்டன்தான் அந்தக் கிராமம். ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் ஒரு திடல். எதிரே ஒரு விடுதி. விடுதிக்காரர் ரிச்சர்ட் நைரன்தான் காப்டன்!

அப்போது ஸ்டம்புகள் இரண்டுதான். 1775-ல் ஹாம்பிள்டன் வீரர் ஜான் ஸ்மாலுக்கு லம்பி ஸ்டீவன்ஸ் போட்ட பந்து, மூன்று தடவை ஸ்டம்புகளின் நடுவே புகுந்து போயிற்று. ஆசாமி அவுட் இல்லை! இந்த அநியாயத்துக்குப் பிறகுதான் மூன்றாவது ஸ்டம்பு வந்தது. 1777-ல் இங்கிலாந்து கோஷ்டியையே ஓர் இன்னிங்ஸ், 168 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது ஹாம்பிள்டன்.

அப்புறம்? 1787-ல் லண்டனில் எம்.சி.சி. தோன்றியது. பணமும் பிரபுக்களும் நல்ல ஆட்டக்காரர்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பத்து வருஷத்துக்குள் ஹாம்பிள்டனின் பெருமை அஸ்தமித்தது. கிராமத்துக் கிளப்புகளைப் பிடிக்கும் வியாதியே இதுதான். கெட்டிக்காரன் பட்டணம் போகிறான்; திரும்பி வருவதில்லை.

ஆனால் திரும்பி வந்த ஒருவர் நம் நாட்டிலேயே இருக்கிறார். சேலம் ஜில்லாவில் உள்ள சின்னப்பம்பட்டிக்காரர் டி. நடராஜன். தகப்பனார் கூலித் தொழிலாளி. தாயார் ரோட்டோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டவர். இருபது வயது வரை நடராஜன் ஆடியதெல்லாம் டென்னிஸ் பந்துதான். அதே ஊர் ஜெயப்பிரகாஷ் அவருடைய திறமையைக் கண்டுகொண்டு சென்னைக்கு அழைத்துப் போனார். அந்த நன்றியில்தான் 'ஜே.பி. நட்டு' என்று சட்டை முதுகில் எழுதிக்கொண்டு ஆடினார் நடராஜன்.

2020 டிசம்பரில், வலைப் பயிற்சியில் பந்து போட ஆஸ்திரேலியா போனவருக்கு அதிர்ஷ்டம் திறந்தது. ஒருநாள் ஆட்டம், டி20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் என்று ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்றிலும் அறிமுகமானார். இந்தியர் எவருக்கும் அதற்கு முன் கிட்டாத பேறு அது! ஊர் அவரை ரதத்தில் ஏற்றி ஊர்வலம் விட்டது.

அத்துடன் கதை முடிந்திருந்தால் அதில் விசேஷமில்லை. சம்பாதித்த பணத்தில் அவர் சொந்த ஊரிலேயே கிரிக்கெட் திடல் அமைத்தார். நடுவே நாலு பிட்ச், பயிற்சிக்கு இரண்டு, உடற்பயிற்சிக் கூடம், சிறிய காலரி. 2023 ஜூன் 23-ந் தேதி தினேஷ் கார்த்திக் அதைத் திறந்து வைத்தார். அதற்கு முன்பே, நடராஜனைப் பார்த்து வளர்ந்த அதே ஊர் பெரியசாமி, 2019 டி.என்.பி.எல். இறுதியாட்டத்தில் 5 விக்கெட் எடுத்து அசத்திவிட்டார். ஒருவன் ஏறிய படியில் அடுத்தவன் கால் வைத்தான், அவ்வளவுதான்!

நெய்வேலி நகரியமும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. பல கிராமங்கள் விட்டுக்கொடுத்த நிலத்தில் எழுந்ததுதான் அது. நிலம் கொடுத்த ஊர்ப் பையன்களுக்கும் கவலையில்லாமல் ஓடியாட ஒரு திடல் வேண்டாமா?

உங்கள் ஊரிலும் ஒரு கோஷ்டி ஏரிக்குள் ஆடிக்கொண்டிருக்கும். அடுத்த பொங்கலுக்கு அவர்கள் பந்தயம் நடத்த நன்கொடை கேட்டு வந்தால், கோப்பைக்குப் பணம் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி உட்கார வைத்து, திடலுக்கு ஒரு துண்டு நிலத்தைப் பற்றியும் பேசுங்கள். கோப்பை ஒரு கோஷ்டிக்குத்தான் போகும். திடல் ஊருக்கே சொந்தம்.