தடுப்புத் திட்டங்களும் சான்று பற்றிய அளவுகோல்களும்

ஒரு தடுப்புத் திட்டம் சான்றை அடிப்படையாகக் கொண்டது எனக் கூறப்படும்போது அக்கூற்றை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? எத்தனை பேர் பயிற்சி பெற்றனர், எத்தனை துண்டுப்பிரசுரங்கள் வழங்கப்பட்டன என்பன திட்டம் நடந்தமைக்கே சான்றாகும். பயன் விளைந்தமைக்குச் சான்றாகா. ஐக்கிய அமெரிக்காவின் தடுப்பு ஆய்வுச் சங்கம் 2004இல் வகுத்த நியமங்கள் மூன்று படிகளை வேறுபடுத்தின: உகந்த நிலைமைகளிற் பயன் தருதல், வழமையான நிலைமைகளிலும் பயன் தருதல், பரவலாக்கத்துக்குத் தகுதி பெறுதல். மூன்றுக்கும் அடிப்படை ஒப்பீடே.

இவ்வளவுகோல்களின் பலத்தையும் எல்லையையும் இலங்கையில் பீடைநாசினியால் நிகழும் தற்கொலைகளைத் தடுக்க மேற்கொள்ளப்பட்ட இரு முயற்சிகள் தெளிவுறுத்துகின்றன.

நஞ்சைப் பூட்டி வைத்தால் உயிர்கள் காக்கப்படும் என்பது நியாயமாகத் தோன்றும் கருத்து. இதனைச் சோதிக்க, அனுராதபுர மாவட்டத்தின் 180 கிராமங்கள் எழுமாறாக இரு கூறாக்கப்பட்டு, ஒரு கூற்றின் விவசாயக் குடும்பங்களுக்குப் பூட்டக்கூடிய பெட்டிகள் வழங்கப்பட்டன. மூன்றாண்டுக் கண்காணிப்பின் பின்னர், 2017இல் வெளியான முடிவுகளின்படி, இரு கூறுகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஒப்பீடு இல்லாதிருப்பின், வழங்கிய பெட்டிகளின் தொகையே வெற்றியாகக் கணிக்கப்பட்டிருக்கும்.

மற்றையது சட்டத்தின் வழிவந்தது. உலக சுகாதார நிறுவனம் முதலாம் வகுப்பில் அடக்கிய கொடிய பீடைநாசினிகளின் இறக்குமதியும் விற்பனையும் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் கட்டுப்படுத்தப்பட்டன. 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47ஆக இருந்த தற்கொலை வீதம் 2005 அளவில் அரைவாசியாயிற்று. இங்கு எழுமாற்றுப் பரிசோதனை எதுவும் நடைபெறவில்லை. ஆயினும் ஆய்வாளர் மாற்று விளக்கங்களைச் சோதித்தனர். வேலையின்மை, மதுப் பாவனை, விவாகரத்து, யுத்தம் ஆகியவற்றின் போக்குகள் இவ்வீழ்ச்சியை விளக்கவில்லை. நஞ்சருந்தி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டோர் தொகை குறையாதிருக்க, அவர்களுள் இறந்தோர் வீதம் குறைந்தமை, மாறியது மனித மனமன்று, சந்தையிற் கிடைத்த நஞ்சே என்பதைச் சுட்டுகின்றது.

வீடுவீடாகப் பகிர்ந்தளிக்கக்கூடியதை எழுமாறாகச் சோதிக்கலாம். நாடு முழுவதற்குமான சட்டத்தை அவ்வாறு சோதித்தல் அரிது. எழுமாற்றுப் பரிசோதனைக்கு முதலிடம் தந்த 2004ஆம் ஆண்டு நியமங்களும் காலத்தொடர் ஆய்வை முற்றாக விலக்கவில்லை. அதனை விலக்கும் அளவுகோல், தன்னை அறியாமலே, பொறுப்பை நஞ்சை உற்பத்தி செய்து விற்போரிடமிருந்து அகற்றிப் பெட்டியைப் பூட்ட வேண்டிய விவசாயியின் தலையிற் சுமத்திவிடுகின்றது.

எனவே அளவுகோலைத் தளர்த்துமாறு நாம் கோரவில்லை. தனிமனிதரைத் திருத்த முனையும் திட்டங்களையும் சமூக நிலைமைகளை மாற்றும் நடவடிக்கைகளையும், அவற்றின் இயல்புக்கேற்ற முறைகளால், ஒரே கண்டிப்புடன் உரைத்துப் பார்க்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை.