கோழி முட்டையும் நமது பிள்ளைகளின் காலை உணவும்

 

ஜும்ஆத் தினத்தில் குளித்துவிட்டு நேரகாலத்தோடு பள்ளிவாசலுக்கு வருவோரின் நன்மையை நபி (ஸல்) அவர்கள் விளக்கியபோது, முதல் நேரத்தில் வருபவரை ஓர் ஒட்டகத்தைக் குர்பான் கொடுத்தவருக்கு ஒப்பிட்டார்கள். அடுத்தடுத்து வருவோருக்கு மாட்டையும் ஆட்டையும் கோழியையும் கூறி, ஐந்தாம் நேரத்தில் வருபவரை ஒரு முட்டையைக் கொடுத்தவருக்கு ஒப்பிட்டார்கள். புஹாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ள இந்த ஹதீஸை நாம் பெரும்பாலும் பிந்தி வருவோரைக் கண்டிப்பதற்கே எடுத்துக் கூறுகின்றோம். ஆயினும் ஒரு முட்டை கூட அங்கு கொடையாகக் கணிக்கப்பட்டிருப்பதை நோக்குவோர் குறைவு.

அந்தச் சிறிய அருட்கொடையைப் பற்றிப் பேச வேண்டிய தேவை இன்று உள்ளது. ஸுப்ஹுக்குப் பின்னர் குர்ஆன் ஓத வரும் பிள்ளைகளுள் பலர் வெறுந்தேநீரும் இரண்டு பிஸ்கட்டுமே உட்கொண்டு வருகின்றனர். ஓதல் முடிந்ததும் அப்படியே பாடசாலைக்கு ஓடுகின்றனர். இடைவேளை வரை அந்தச் சிறு வயிற்றுக்கு வேறெதுவும் இல்லை. பாடத்தில் கவனமில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர், அது என்ன சாப்பிட்டது என்று கேட்பதில்லை.

50 கிராம் அளவான ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கின்றது. நமது உடல் தானாக ஆக்கிக்கொள்ள முடியாத, உணவிலிருந்தே பெற வேண்டிய ஒன்பது அமினோ அமிலங்களும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன. மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின், கண்பார்வைக்கு உதவும் விற்றமின் ஏ, என்புகளுக்கான விற்றமின் டி, இரத்தம் உருவாகத் தேவையான விற்றமின் பி12 ஆகியனவும் உள்ளன. இவை பெரும்பாலும் மஞ்சட்கருவிலேயே அடங்கியுள்ளன. கொலஸ்ட்ரோலுக்கு அஞ்சி மஞ்சட்கருவை எறிந்துவிட்டு வெள்ளையை மட்டும் பிள்ளைக்கு ஊட்டும் தாய்மார் இதனைச் சிந்திக்க வேண்டும். சுகதேகிகளின் இரத்தக் கொலஸ்ட்ரோலைக் கூட்டுவதில் முட்டையைவிட நிறைவுற்ற கொழுப்புக்கே பெரும் பங்குண்டு. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்ற கொலஸ்ட்ரோல் எல்லையை அமெரிக்க உணவு வழிகாட்டிகளும் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கிவிட்டன. நீரிழிவும் இருதய நோயும் உள்ள பெரியவர்கள் தமது வைத்தியரிடம் கேட்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும். முட்டை ஒவ்வாமையுள்ள சில பிள்ளைகளும் இருக்கின்றனர்.

குறையொன்றையும் மறைக்கலாகாது. முட்டையில் இரும்புச்சத்து இருப்பினும் உடல் அதனைக் குறைவாகவே உறிஞ்சுகின்றது. கூடவே தேநீரைக் குடித்தால் அது மேலும் குறையும். எனவே தேநீரைச் சற்றுப் பிந்திக் கொடுத்து, முட்டையுடன் ஒரு கொய்யாப்பழத்தையோ தோடம்பழத்தையோ கொடுப்பது நன்று. குமர்ப்பிள்ளைகளுக்கு இது மிக அவசியம்.

குமர்ப்பிள்ளைகளைக் குறிப்பிடும்போது மற்றொன்றும் நினைவுக்கு வருகின்றது. வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டையை நல்லெண்ணெயுடன் குடிக்கக் கொடுக்கும் வழக்கம் நமது ஊர்களில் உண்டு. பிள்ளைக்குப் பலம் சேர வேண்டும் என்ற மூத்தம்மாமாரின் நோக்கம் நல்லதே. ஆனால் அவித்த முட்டையின் புரதம் ஏறத்தாழ முழுமையாகச் சமிபாடடைய, பச்சை முட்டையின் புரதத்தில் பாதியளவே உடலில் சேர்கின்றது. சல்மனெல்லா என்னும் கிருமியின் ஆபத்தும் பச்சை முட்டையில் உண்டு. அதே முட்டையை நன்கு அவித்தோ, நல்லெண்ணெயில் பொரித்தோ கொடுத்தால் மூத்தம்மாவின் நோக்கமும் நிறைவேறும், பிள்ளைக்கும் தீங்கில்லை.

இன்னுமொரு விடயம். ஒரு நபி தமது பலவீனத்தை முறையிட்டபோது முட்டை உண்ணுமாறு அல்லாஹ் பணித்தான் என்றொரு செய்தி மேடைகளில் கூறப்படுகின்றது. இதனை எடுத்தெழுதிய இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்களே அதன் உறுதிப்பாட்டில் ஐயம் தெரிவித்துள்ளார்கள். முட்டையின் பயனை எடுத்துரைக்கப் பலவீனமான செய்தியொன்று தேவையில்லை.

விலையைப் பற்றியும் கூற வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஒரு முட்டை 50 ரூபாவையும் தாண்டியதையும், 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. தினமும் முடியாத வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் கொடுத்தாலும் பயனுண்டு. வாப்பாவுக்கும் ஆண்பிள்ளைக்கும் முட்டை, பெண்பிள்ளைக்கு வெறும் சம்பல் என்று பங்கிடுவது மட்டும் நீதியன்று.

இறுதியாக, சமையலறையில் அடிக்கடி கேட்கப்படும் மஸ்அலா ஒன்று. கோழியின் எச்சம் ஷாபிஈ மத்ஹபின்படி நஜீஸாகும். எச்சம் ஒட்டிய முட்டையை அப்படியே பானை நீரில் இட்டு அவித்தால் அந்நீரும் நஜீஸாகிவிடும். ஆகவே முதலில் அதனைக் கழுவிக்கொள்ள வேண்டும். வாங்கியவுடனே கழுவி அடுக்கிவைத்தால் ஓட்டின் மேலுள்ள இயற்கையான காப்புப் படை நீங்கி, கிருமிகள் உட்புக வழியேற்படும். அவிப்பதற்குச் சற்று முன்னர் கழுவுவதே இரண்டுக்கும் பொருத்தமானது.