சிறு படகுகளில் தானியங்கிச் சுக்கான்

கடலில் நெடுநேரம் சுக்கான் பிடித்தல் களைப்பூட்டும் பணியாகும். இப்பணியைச் சிறு படகுகளில் ஏற்றுக்கொள்ளும் மின்னணுக் கருவியே தானியங்கிச் சுக்கான். ஆயின் இக்கருவி தன் திசைகாட்டியையே முற்றும் நம்பியிருப்பது. அதில் 5 பாகை பிழை நேரின், 12 கடல் மைல் செல்வதற்குள் படகு ஏறத்தாழ 1 கடல் மைல் விலகிவிடும். பாறைகள் நிறைந்த கரையோரத்தில் இது பேராபத்தாகும்.

இதன் உறுப்புகள் மூன்று: படகின் முகம் நோக்கும் திசையை அறியும் திசைகாட்டி, அதனை வேண்டிய திசையோடு ஒப்பிடும் கணிப்பகம், சுக்கானைத் திருப்பும் மின்னோடி. விலகலின் அளவை மட்டுமன்றி, படகு திரும்பும் வேகத்தையும் கணிப்பகம் கருத்திற் கொள்கிறது. தேர்ந்த மாலுமியும் இவ்வாறே செய்கிறான். இக்கொள்கையை நிக்கோலாஸ் மினோர்ஸ்கி என்பார் 1922ஆம் ஆண்டில் கணித முறையில் விளக்கினார்.

திசைகாட்டியைப் பொருத்தும் இடமே முதன்மையானது. படகின் ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில், தாழ்வாக அதனை அமைத்தல் நன்று. இயந்திரம், ஒலிபெருக்கி, மின்கலம், மின்னோட்டம் மிகுந்த கம்பிகள் ஆகியவற்றினின்று குறைந்தது 1 மீட்டராவது தள்ளியிருத்தல் வேண்டும். எஃகுப் படகாயின், உடற்பகுதியை விட்டு உயரத்தில் வைப்பர். இரும்பின் விளைவை ஆசிரியர்கள் வகுப்பில் எளிதிற் காட்டலாம்: காந்த ஊசியருகே ஒரு திருப்புளியைக் கொணர்ந்தாலே ஊசி விலகக் காணலாம்.

எவ்வளவு விலக்கி வைப்பினும் படகின் காந்த விளைவு சிறிதேனும் எஞ்சும். அதனைக் களைவதே அளவுத்திருத்தம். அமைதியான நீரில், பிற கலங்கள் இல்லாவிடத்தில், ஒரு சுற்றுக்கு 2 நிமிடத்திற்குக் குறையாது, படகை மெல்ல வட்டமாகச் செலுத்துக. படகு திரும்புகையில் புவியின் காந்தப்புலம் படகைச் சார்ந்து திசை மாறும். படகிலுள்ள இரும்பின் புலமோ படகோடு சேர்ந்தே திரும்பும். இவ்வேறுபாட்டைக் கொண்டு கருவி பிழையைப் பிரித்தறிந்து திருத்திக்கொள்கிறது. பிழை 15 பாகையை மீறின், திசைகாட்டியை வேறிடத்திற்கு மாற்றுதலே தக்கது. பின்னர், கடல் வரைபடத்தில் ஒரே நேர்கோட்டில் அமைந்த இரு கரைக்குறிகளை நோக்கிப் படகைச் செலுத்தி, எஞ்சிய நிலையான பிழையையும் நீக்குக. அப்பொழுது அவ்விடத்துக் காந்த ஒதுக்கத்தைக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

இறுதியாகச் சுக்கானின் எதிர்வினையைச் சீர்செய்க. அது மிகின் படகு பாம்புபோல் நெளிந்து செல்லும். மின்கலமும் வீணே தீரும். குறையின் படகு நெடுந்தொலைவு விலகிய பின்னரே திரும்பும்.

திருத்தம் முடிந்தபின் திசைகாட்டியருகே கருவிப்பெட்டி ஒன்றை வைத்தாலும் முன்செய்த உழைப்பு பாழாம். மேலும், இக்கருவிக்குத் திசை தெரியும். எதிரே வரும் கலம் தெரியாது. எந்நேரமும் கண்ணாலும் செவியாலும் கண்காணித்தல் வேண்டுமென 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளுள் 5ஆம் விதி பணிக்கிறது. தானியங்கிச் சுக்கான் கைகளுக்கு ஓய்வளிக்கும்; கண்களுக்கு அன்று.