கணினி ஆசிலோஸ்கோப்: வாங்கும் முன் அறிய வேண்டிய ஆபத்தும் உரிமையும்

யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணையும் ஆசிலோஸ்கோப்புக்குத் தனித் திரை கிடையாது. மின்னழுத்தத்தை அளந்து எண்களாக்குவது மட்டுமே பெட்டியின் வேலை. அலையை வரைந்து காட்டுவது கணினியில் ஓடும் மென்பொருள். விலை குறைவதால் மாணவர்களும் பழுதுபார்ப்பவர்களும் இதை நாடுகிறார்கள். ஆனால் இதன் பெரிய ஆபத்து அந்த இணைப்புக் கம்பியில்தான் இருக்கிறது.

ஸ்கோப்பின் அளவிடும் முனையான ப்ரோப்பில் தொங்கும் கிரவுண்ட் கிளிப்பைப் பலர் மல்டிமீட்டரின் கறுப்புக் கம்பி என்றே எண்ணிவிடுகிறார்கள். பேட்டரியில் ஓடும் மல்டிமீட்டர் எதனோடும் ஒட்டாதது. இந்தக் கிளிப்போ, பெரும்பாலான யூஎஸ்பி ஸ்கோப்புகளில், கணினியின் உலோக உடலுக்கும் அங்கிருந்து மூன்று முள் பிளக் வழியாக எர்த்துக்கும் நேராகப் போகிறது. எஸ்எம்பிஎஸ் எனும் மின்வழங்கி போர்டில் பிரிட்ஜ் ரெக்டிஃபையரை அடுத்துள்ள பெரிய கெப்பாசிட்டரின் நெகட்டிவ் காலில் அதை மாட்டினால், மின்சாரம் டயோடு வழியாக எர்த்துக்கு ஷார்ட் ஆகும். பியூஸோடு ஸ்கோப்பும் மதர்போர்டும் சேர்ந்து போகலாம்.

லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டால் போதும் என்ற யோசனை இதைவிடக் கொடியது. ஷார்ட் ஆகாது, ஆனால் லேப்டாப்பின் திருகுகளும் யூஎஸ்பி உறையும் மின்சாரம் ஏறிய நிலையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். 230 வோல்ட் ஏசியின் உச்சம் சுமார் 325 வோல்ட். எர்த் முள்ளை வெட்டினாலும் இதே கதிதான். சீரிஸ் பல்பு மின்னோட்டத்தைக் குறைக்குமே தவிர, போர்டை மின்கம்பியிலிருந்து பிரிக்காது. பிரிக்க வேண்டியது சோதிக்கும் போர்டை. அதற்குத் தேவை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். அப்போதும் கவனம் வேண்டும்: கிளிப்பை மாட்டியதும் அந்தப் புள்ளி எர்த் ஆகிவிடும் என்பதால், அதன் பிறகு போர்டின் வேறு இடத்தைத் தொட்டால் ஷாக் அடிக்கும். மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் அப்போது டிரிப் ஆகாது. மின்வழங்கி போர்டுகளே அன்றாட வேலை என்றால் இரு புள்ளிகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை, எதையும் எர்த்தோடு சேர்க்காமல் அளக்கும் டிஃபரன்ஷியல் ப்ரோப் வாங்குவதே முறை. ஸ்கோப்புக்கு ஒதுக்கும் பணத்தில் அதன் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அடுத்தது விளம்பர எண்கள். பேண்ட்விட்த் 20 மெகாஹெர்ட்ஸ் என்றால், அந்த அதிர்வெண்ணில் அலையின் உயரம் ஏறத்தாழ 70 சதவீதமாகக் குறைந்தே தெரியும். சதுர அலைக்கு அதுவும் போதாது. ஆர்டுயினோ யூனோவின் கடிகார வேகமான 16 மெகாஹெர்ட்ஸில் ஒரு சதுர அலையைக் கொடுத்தால், 48 மெகாஹெர்ட்ஸில் உள்ள அதன் மூன்றாம் ஹார்மோனிக் பெரும்பாலும் அடங்கிப்போய், திரையில் ஏறக்குறைய சைன் அலைதான் வரும். போர்டில் கோளாறு என்று தேடினால் பொழுதுதான் வீண். அளக்கும் சதுர அலையின் அதிர்வெண்ணைப்போல் 5 மடங்கு பேண்ட்விட்த் வேண்டும். சாம்பிள் வேகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஹான்டெக் 6022பிஇ மாடலுக்கு 20 மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு 48 மெகா சாம்பிள் என்று குறிக்கப்பட்டுள்ளது. 20 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கு இது இரண்டு புள்ளிக்குச் சற்றே கூடுதல். ஆடியோ வேலைக்குத் தாராளம், வேகமான டிஜிட்டல் வேலைக்குப் போதாது. பல மாடல்களில் இரண்டு சேனலையும் இயக்கினால் இந்த வேகம் பாதியாகும்.

பொருள் வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், சிக்னல் ஜெனரேட்டர் கொண்டு பேண்ட்விட்தைச் சோதித்துத் திரையைப் படமெடுத்து வைப்பது நல்லது. விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் பில்லும் அதனோடு இருக்கட்டும். இந்தியாவில் இணையவழி வணிகத்துக்கான 2020 விதிகளின்படி, விற்பனைத் தளம் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எங்கிருந்தாலும் வாங்கியவர் தம் ஊரிலேயே, 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கடைக்கு வாங்கியதால் உரிமை இல்லை என்று சொல்லப்படுவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கில் வாங்குபவரை விலக்குகிறது என்பது உண்மையே. ஆனால் சுயதொழிலில் பிழைப்புக்காகவே வாங்கித் தாமே பயன்படுத்துபவரை அது நுகர்வோராகவே ஏற்கிறது. தனியாளாகக் கடை நடத்தும் டிவி மெக்கானிக் இதில் அடங்குவார்.

கிளிப்பை மின்கம்பியில் மாட்டியதால் நேர்ந்த சேதத்துக்கு, கையேட்டில் தெளிவான எச்சரிக்கை இருந்தால் இழப்பீடு பெறுவது கடினம். எச்சரிக்கையே இல்லாமல் பொருளை விற்றிருந்தால், போதிய அறிவுறுத்தல் தராத அந்தக் குறையையே தயாரிப்பாளரின் பொறுப்பாக அதே சட்டம் கருதுகிறது.