இருபது ரூபாய்த் தாளில் வாங்கிய வீடு

கூரை வீட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்ட, கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் மனுக் கொடுத்திருந்தார் அந்த அக்கா. அரசு தருவது 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். ‘மனை யார் பெயரில் இருக்கிறது?’ என்ற முதல் கேள்வியிலேயே மனு நின்றுவிட்டது.

எங்களிடம் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். உள்ளே, மடிப்புகளில் கிழிந்துபோன 20 ரூபாய் முத்திரைத்தாள். அதே தெருவைச் சேர்ந்த பெரியவரிடம் 19 ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய கணவர் மூன்று சென்ட் நத்தம் மனை வாங்கியதற்கான எழுத்து அது. பெரியவரின் கைநாட்டும் இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்தும் இருந்தன. பணம் கைமாறியது உண்மை. அன்று முதல் அவர்கள் அங்கே குடியிருப்பதும் உண்மை. ஆனால், சட்டப்படி அந்த மனை இன்னும் விற்கப்படவே இல்லை.

நம் குடியிருப்புகளில் இப்படி வாங்கிய வீடுகள் ஏராளம். பதிவு அலுவலகம் என்றால் செலவும் அலைச்சலும் என்ற பயம் ஒரு பக்கம். நம் ஆளிடம்தானே வாங்குகிறோம் என்ற நம்பிக்கை மறுபக்கம். சொத்து மாற்றுச் சட்டமும் (1882) பதிவுச் சட்டமும் (1908) சொல்வது இதுதான்: 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயம் பதிவு செய்யப்பட வேண்டும். கையெழுத்தான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். ‘பவர்’ எழுதி வாங்கியிருக்கிறோம் என்பவர்களும் கவனிக்க வேண்டும். பொது அதிகார ஆவணத்தை மட்டும் வைத்து உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

விற்ற பெரியவர் இறந்துவிட்டார், அவர் மனைவியும் இல்லை. இரண்டு மகன்கள், ஒரு மகள். மகன்கள் வாரிசுச் சான்றோடு வந்து கிரயம் எழுதித்தர ஒப்புக்கொண்டார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகள்தான் ‘விடமாட்டேன்’ என்றார். ‘விற்ற மனைக்குப் பங்கு கேட்கிறாளே’ என்று தெருவில் பேசினார்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம்.

நேரில் போய்க் கேட்டபோது அவர் சொன்னார்: “அண்ணே, அப்பா வித்ததே எனக்குத் தெரியாது. வாரிசுச் சான்று வாங்கினப்போ என் பேரையே விட்டுட்டாங்க. நான் அந்த வீட்டுப் பொண்ணு இல்லையா?”

சான்றை வாங்கிப் பார்த்தோம். அவர் பெயர் இல்லை. அதை வைத்து அவசரமாகப் பதிவு செய்திருந்தால், நாளை அவர் போடும் ஒரு வழக்கில் அந்தப் பத்திரமே ஆட்டம் கண்டிருக்கும். உயில் எழுதாமல் தந்தை இறந்தால், இந்துவாக இருந்தாலும் கிறிஸ்தவராக இருந்தாலும் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு உண்டு. கல்யாணத்துக்குச் செய்த சீர் அந்தப் பங்குக்கு ஈடாகாது. ஆதிக்கச் சாதியிடம் சம உரிமை கேட்கும் நாம், நம் வீட்டுப் பெண்ணின் பெயரை விட்டுவிட்டுச் சான்று வாங்குவது எந்த நியாயம்?

மூன்று பேர் பெயரோடு புதிய வாரிசுச் சான்று பெறப்பட்டது. மகளுக்கு ஒரு தொகை பேசி முடித்தோம்; அக்கா பாதி, அண்ணன்மார் பாதி. மூவரும் வந்து அக்கா பெயரில் கிரயம் எழுதித்தந்தார்கள். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. பட்டா மாறிவிட்டது. மனு மறுபடியும் நகர்கிறது.

இது நத்தம் மனை. ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த இலவச மனை என்றால் இன்னும் கவனம் தேவை. எத்தனை ஆண்டு விற்கக் கூடாது, யாருக்கு விற்கலாம் என்ற நிபந்தனைகள் ஒப்படை உத்தரவிலேயே இருக்கும். பணம் கொடுக்கும் முன் அதைப் படியுங்கள். பட்டா கொடுத்தும் இடத்தை அளந்து காட்டாத, கிராமக் கணக்கில் பெயர் ஏற்றாத ஊர்களும் உண்டு. ஜமாபந்தியில் மனுக் கொடுங்கள். பதில் இல்லையென்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

நகரத்தை ஒட்டி மனை வாங்குவோர் வில்லங்கச் சான்றை மட்டும் நம்பிவிடக் கூடாது. பதிவான ஆவணங்கள்தான் அதில் வரும். நிலம் பஞ்சமியா என்பது அதில் தெரியாது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் நமக்காக ஒதுக்கப்பட்ட நிலங்கள் அவை. முதல் 10 ஆண்டு யாருக்கும் விற்கக் கூடாது, பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மீறி எழுதிய கிரயம் செல்லாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டையும், யு.டி.ஆருக்கு முந்தைய பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று யாரும் ஒதுங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு கிடையாது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலுள்ள பையை எடுத்துப் பிரியுங்கள். தாளில் யார் பெயர் இருக்கிறது, அது பதிவானதா, அளவு சரிதானா என்று படிக்கத் தெரிந்த பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். விற்றவர் உயிரோடு இருந்தால் இந்த வாரமே அவரோடு பதிவு அலுவலகம் போங்கள். அந்த அக்காவின் கணவர் அன்று ஒரு நாள் போயிருந்தால் முடிந்திருக்கும் வேலைக்கு, அக்கா ஒன்றரை வருடம் அலைந்தார்.