காவல் நாய் நொண்டுகிறதா?

ஆட்டுப்பட்டிக்கும் தோட்டத்திற்கும் காவலாக வளர்க்கும் இளம் நாய் திடீரென நொண்டினால், "எங்கோ அடிபட்டிருக்கும்" என்று இருந்துவிடுவது வழக்கம். இனி உதவாது என்று கழித்து விடுவோரும் உண்டு. அடிபடாமலேயே எலும்பில் அழற்சி கண்டு நாய் நொண்டுவதுண்டு. இதில் தானே ஆறும் வகையும் உண்டு. காலையே இழக்கச் செய்யும் வகையும் உண்டு.

வளரும் பருவத்து நோய்

5 முதல் 18 மாத வயதுள்ள, பெரிய இன நாய்களுக்கு இது அதிகம் வரும். அல்சேஷன் இனத்தில் மிகுதி. ஒரு கால் சரியானதும், சில வாரங்களில் வேறு காலை நொண்டும். இதுவே முக்கிய அடையாளம். மூட்டுகளுக்கு இடைப்பட்ட நீண்ட எலும்பை அழுத்தினால் நாய் கத்தும். வலியில் கடிக்கக்கூடும், ஆகவே வாயைத் துணியால் கட்டிவிட்டுப் பார்த்து, உடனே அவிழ்த்துவிட வேண்டும்.

எக்ஸ்ரே படத்தில் மஜ்ஜை உள்ள பகுதியில் வெண்மையான திட்டுகள் தெரியும். தொடக்கத்தில் தெரியாமலும் போகலாம். ஓய்வும், மருத்துவர் தரும் வலி மருந்தும் போதும். பெரும்பாலான நாய்கள் வளர்ச்சி முடிந்ததும் முற்றிலும் குணமடையும்.

சீழ் பிடித்த எலும்பு

கடிபட்ட காயம், காட்டுப்பன்றி குத்திய காயம், தோலைக் கிழித்த எலும்பு முறிவு ஆகியவற்றின் வழியே கிருமி எலும்புக்குள் புகும். கால் வீங்கிச் சூடாக இருக்கும். காய்ச்சல் கண்டு, நாய் தீனி எடுக்காது. காயம் ஆறியதுபோல் தோன்றி, மறுபடி சீழ் வடியும்.

இது தானே ஆறாது. சீழைப் பரிசோதித்து, ஏற்ற கிருமிக்கொல்லி மருந்தை 4 முதல் 8 வாரம் வரை கொடுக்க வேண்டும். செத்த எலும்புத் துண்டு இருந்தால் அறுவை செய்து எடுக்க வேண்டும். நாய் நடக்கத் தொடங்கியதும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும்.

செய்யக் கூடாதவை

மனிதர் சாப்பிடும் வலி மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது. ஐபுபுரூஃபன் நாய்க்கு வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கும். எலும்பு நோய்தானே என்று சுண்ணாம்புச் சத்து மருந்தைத் தாமாகக் கொடுப்பதும் தவறு. அது மிகுந்தால் வளரும் எலும்பின் அமைப்பே கெடும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்படும்.

நொண்டல் இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீக்கம், காய்ச்சல், சீழ் இருந்தால் அன்றே கொண்டு செல்ல வேண்டும். வயதான நாயின் எலும்பில் வீக்கம் கண்டால் அது புற்றுநோயாகவும் இருக்கக்கூடும் என்பதால் தாமதிக்கக் கூடாது.