அணைக்கட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பாலக்காடு, இடுக்கி எல்லைகளைத் தாண்டி ஆண்டுதோறும் அணை பார்க்கப் போகின்றன தமிழ்க் குடும்பங்கள். அவை பார்க்காமல் திரும்புவது எதை?

வாளையாறு தாண்டியதும் காற்றின் வேகம் கூடும். மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கும் மிகப் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். அந்த இடைவெளி வழியாகத்தான் கோவை, திருப்பூர், ஈரோட்டுக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கேரளத்துக்குள் நுழைகின்றன. வேனின் பின்சீட்டில் புளியோதரை, தயிர்சாதம், ஒரு குடம் தண்ணீர்; முன்சீட்டில் வழி சொல்லும் மாமா. போகும் இடம் மலம்புழை. கோவையிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம். காலையில் கிளம்பினால், இரவு விளக்கு அலங்காரத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கும் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பிவிடலாம்.

நானும் அப்படித் தோளில் திரும்பிய குழந்தைதான். அணையின் மேல் நின்று அப்பா சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் நினைவில் தங்கிவிட்டது: “இது காமராஜர் திறந்த அணை.” கேரளத்து அணையைக் காமராஜர் ஏன் திறந்தார் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. என் குழந்தைகளை அதே இடத்துக்கு அழைத்துப் போனபோது அவர்கள் கேட்டார்கள்.

பதில் எளிமையானது. மலம்புழை அணையைக் கட்டியது சென்னை அரசு. பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1949இல் வேலை தொடங்கியது. 1955இல் முதலமைச்சர் காமராஜர் அணையைத் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது மலபாரோடு அணையும் கேரளத்துக்குப் போனது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் அந்தச் சுவர்தான் இன்றும் பாலக்காட்டு வயல்களுக்கு நீரையும் நகரத்துக்குக் குடிநீரையும் தருகிறது.

பூங்கா வந்த கதை

அணை பார்க்கப் போவது நம்மவர்களுக்குக் கோயில் திருவிழாவுக்குப் போவது போன்ற பழக்கமாகிவிட்டது. மேட்டூர், பவானிசாகர், வைகை, அமராவதி, ஆழியாறு என்று எந்த அணைக்குப் போனாலும் கீழே ஒரு பூங்கா இருக்கும்; வாசலில் மீன் வறுவல் மணக்கும். இதற்கெல்லாம் முன்மாதிரி மைசூருக்கு அருகிலுள்ள கிருஷ்ணராஜ சாகரின் பிருந்தாவனம். சுதந்திரத்துக்குப் பிறகு அணை என்பது புதிய நாட்டின் பெருமைக்குரிய அடையாளமாக இருந்தது. மக்கள் அதை வந்து பார்க்க வேண்டும் என்று அரசும் விரும்பியது, மக்களும் விரும்பினார்கள்.

மலம்புழைப் பூங்காவில் இன்று ரோப் கார் ஓடுகிறது. சண்டிகரில் உடைந்த வளையல்களையும் பீங்கான் ஓடுகளையும் கொண்டு பாறைத் தோட்டம் அமைத்த நேக் சந்தின் கைவண்ணம் இங்கேயும் உண்டு. ஆனால் எல்லோரும் நின்று பார்ப்பது, அல்லது நிற்காமல் வேகமாகக் கடப்பது, யட்சியைத்தான். சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்து முடித்த சிலை அது. மலைகளைப் பின்னணியாகக் கொண்டு, ஆடையின்றிக் கால் விரித்து அமர்ந்து, வானத்தை நோக்கி முகம் உயர்த்தியிருக்கும் பிரம்மாண்டமான பெண். வந்த புதிதில் பெரிய சர்ச்சையைக் கிளப்பினாள். அந்த இடம் வந்ததும் குழந்தைகளுக்கு அவசரமாக ஐஸ்கிரீம் வாங்கித் தந்த அப்பாக்கள் எத்தனையோ பேர். இன்று அதே குழந்தைகள் தங்கள் பிள்ளைகளோடு அவள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பயணம் மனிதர்களை மாற்றும் என்பதற்கு இது சின்ன உதாரணம்.

நிலம் ஒருவருடையது, நீர் ஒருவருடையது

மலம்புழையைவிடச் சிக்கலான அணை பரம்பிக்குளம். அது பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் பாலக்காட்டிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் தமிழகத்துக்குள் வந்து, பொள்ளாச்சிப் பக்கமாகச் சேத்துமடை, டாப்சிலிப் வழியாக மலையேறி, மறுபடியும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். ஒரே பயணத்தில் இரண்டு மாநிலங்களின் வனத்துறைச் சோதனைச் சாவடிகள், இரண்டு புலிகள் காப்பகங்கள். சுற்றுலா வந்தவருக்கு இது வேடிக்கையான அனுபவம். உள்ளே குடியிருக்கும் காடர், மலசர், முதுவர் குடும்பங்களுக்கோ சொந்த மாவட்டத் தலைநகருக்குப் போய்வரும் வழியே அதுதான்.

பரம்பிக்குளம் அணை நிற்பது கேரள மண்ணில். கட்டியதும் இயக்குவதும் பராமரிப்பதும் தமிழகம். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் இதயமான இந்த நீர்த்தேக்கத்தின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாகக் கிழக்கே திரும்பிக் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வயல்களுக்கு வருகிறது. இதற்கான ஒப்பந்தத்தில் இரு மாநிலங்களும் 1970இல் கையெழுத்திட்டன. 2022 செப்டம்பர் 21ஆம் தேதி அதிகாலையில் அணையின் மூன்று மதகுகளில் ஒன்று உடைந்து வெள்ளம் பாய்ந்தபோது, பதறியவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். கீழே ஆற்றோரத்தில் இருந்தவர்களுக்கு வெள்ளத்தைப் பற்றிய பயம். மேலே பாசனக்காரர்களுக்குப் போகும் தண்ணீரைப் பற்றிய கவலை.

இங்கே வனத்துறை வாகனத்தில்தான் காட்டைச் சுற்றிப் பார்க்க முடியும். கூட வரும் வழிகாட்டிகளில் பலர் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடியினர். அவர்கள் காட்டும் கன்னிமாரா தேக்கு, பல நூற்றாண்டுகளைக் கண்ட மரம். ஐந்து பேர் கைகோத்தால்தான் அதன் அடிமரத்தை அணைக்க முடியும். ஒரு காலத்தில் இதே காட்டின் தேக்கு மரங்களை வெட்டிச் சாலக்குடிக்கு இறக்குவதற்காகக் கொச்சி சமஸ்தானம் டிராம் பாதையே போட்டிருந்தது. 1907இல் ஓடத் தொடங்கிய அந்த டிராம் 1963இல் நின்றது. இத்தனைக்கும் தப்பித்து நிற்பதால்தான் அந்த ஒற்றை மரத்தைச் சுற்றி வந்து கும்பிடுகிறவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

இடுக்கிப் பக்கம்

தெற்கே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளிக்கு ஏறினால் தேக்கடி. படகில் போகும்போது நீருக்கு மேலே கறுத்த மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்தும். 1895இல் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. ஆக, நாம் ஏரி என்று ரசிப்பது தேனியும் மதுரையும் குடிக்கும் தண்ணீர். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்த நீர்மட்டம் இரு மாநிலங்களிலும் தலைப்புச் செய்தியாகிறது. ஆனால் படகுத்துறையில் இரு மாநிலத்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அந்தப் படகுத்துறைக்கு ஒரு கறுப்பு நாளும் உண்டு. 2009 செப்டம்பர் 30ஆம் தேதி மாலை ‘ஜலகன்யகா’ என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் அவர்கள். கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இன்று உயிர்காப்புச் சட்டை அணியாமல் படகில் ஏற முடியாது. வெயிலில் அது கசகசக்கிறது என்று கழற்றப் பார்க்கும் பெரியவர்களுக்கு இந்தத் தேதியைச் சொல்வதில் தவறில்லை.

இடுக்கி அணை வேறு ரகம். குறவன் மலை, குறத்தி மலை என்ற இரு பாறைகளுக்கு நடுவே வில்லாக வளைந்து 168 மீட்டருக்கும் மேல் எழுந்து நிற்கும் கான்கிரீட் சுவர். 1976இல் இந்திரா காந்தி திறந்துவைத்தார். கீழே பூங்காவை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறைகளில்தான் வழக்கமாகப் பொதுமக்களை அணைமேல் அனுமதிப்பார்கள். அங்கே ஒரு பழங்குடித் தலைவரின் சிலை இருக்கிறது; பெயர் கொலும்பன். அணைக்குப் பொருத்தமான அந்த இடுக்கை வெளியுலகத்துக்குக் காட்டியவர் அவர்தான். அணைகளைத் திறந்துவைத்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும். வழிகாட்டியவருக்குச் சிலை வைத்த அணைகள் அதிகமில்லை.

மூணாறில் அணை பார்க்க வருகிறவர்களைவிடத் தேயிலைப் பச்சையைப் பார்க்க வருகிறவர்களே அதிகம். அந்தப் பச்சையைப் பராமரிக்கும் கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். வரையாடுகளைப் பார்க்க இரவிகுளம் தேசியப் பூங்காவில் ராஜமலைக்கு ஏறுகிறோமே, அதற்கு அருகிலுள்ள பெட்டிமுடியில்தான் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் போய்விட்டார்கள். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பகுதி. அந்த மலையைக் கடக்கும் ஒரு வேனிலாவது இந்தச் செய்தி பேசப்படுமா?

கட்டாத அணை

இந்தப் பயணங்களில் நான் கடைசியாகச் சேர்த்துக்கொண்ட இடம் மௌனப் பள்ளத்தாக்கு. கோவையிலிருந்து ஆனைகட்டி, அகளி வழியாக அட்டப்பாடிக்குள் போனால் முக்காலி. அங்கிருந்து 23 கிலோமீட்டர் வனத்துறை அனுமதித்த ஜீப்பில் போனால் சைரந்திரி. அங்கே பூங்கா இல்லை, ரோப் கார் இல்லை, மீன் வறுவலும் இல்லை. ஒரு கண்காணிப்புக் கோபுரம், கீழே குந்திப்புழை ஆறு, சுற்றிலும் காடு.

அந்த ஆற்றின் குறுக்கே நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டக் கேரள மின்வாரியம் திட்டமிட்டிருந்தது. சிங்கவால் குரங்கு வாழும் மழைக்காடு மூழ்கிவிடும் என்று அறிவியலாளர்களும் சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் கவிஞர் சுகதகுமாரி போன்றவர்களும் எழுபதுகளில் குரல் எழுப்பினார்கள். மின்சாரம் இல்லாமல் வளர்ச்சி எப்படி என்று மறுபக்கம் கேட்டது. அந்தக் கேள்வியும் நியாயமானதே. நீண்ட விவாதத்துக்குப் பிறகு திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1985இல் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கிவைத்தார்.

ஜீப்பிலிருந்து இறங்கிய என் மகள் சுற்றிலும் பார்த்துவிட்டு, “இங்க பார்க்கறதுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டாள். மலம்புழைக்குப் பழகிய கண்களுக்கு அந்தக் கேள்வி இயல்பானது. அணை கட்டியிருந்தால் நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி எதெல்லாம் தண்ணீருக்கு அடியில் போயிருக்கும் என்று கூட வந்த வழிகாட்டி கையை நீட்டிக் காட்டினார். அவள் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. தேக்கடியில் பார்த்த கறுப்பு மரக்கட்டைகள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “அந்த ஏரிக்குள்ளேயும் இப்படித்தான் இருந்துச்சா?” என்றாள்.

அணைகளைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. நான் சாப்பிடும் சோற்றில் பரம்பிக்குளத்துத் தண்ணீர் இருக்கிறது. போகிறவர்கள் இரண்டு விஷயங்களை மட்டும் பையில் சேர்த்துக்கொண்டால் போதும். ஒன்று, நேரமும் விவரமும். மழைக்காலத்தில் மலைச்சாலைகள் எப்போது வேண்டுமானாலும் அடைக்கப்படலாம்; இரவிகுளத்தில் வரையாடுகள் குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அனுமதி கிடையாது; மௌனப் பள்ளத்தாக்கிலும் பரம்பிக்குளத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கே இடம். முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. இரண்டு, கதை. யார் கட்டியது, யார் வழிகாட்டியது, யாருடைய வீடு இருந்தது, தண்ணீர் எங்கே போகிறது என்ற நான்கு கேள்விகளுக்கான பதில்.

புளியோதரைக்கு அதிக இடம் தேவைப்படும். கதைக்கு அவ்வளவு தேவையில்லை. வாளையாறு தாண்டியதும் சொல்ல ஆரம்பித்தால் மலம்புழை வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.